ஓடும் காரில் விசில் சத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரிசெய்வது

காரில் விசில் சத்தம் கேட்டதும் பெரும்பாலானவர்கள் முதலில் பானட்டைத் திறப்பார்கள். ஓடும்போது மட்டும் வரும் சத்தத்தை நிற்கும் வண்டியில் தேடினால் கிடைக்காது. எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், சத்தம் எதைத் தொடர்ந்து போகிறது என்று பாருங்கள். வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, இன்ஜின் சுற்றோடா, பிரேக் மிதிப்பதோடா, ஸ்டியரிங் திருப்புவதோடா, ஏ.சி. காற்றோடா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் ஸ்பானரை எடுத்தால், நன்றாக இருக்கும் பேரிங்கையும் பெல்ட்டையும் மாற்றிய பிறகும் அதே விசில் கேட்டுக்கொண்டிருக்கும்.

சோதனை ஓட்டம்

ஆள் நடமாட்டம் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத நேர்ச்சாலை ஒன்று வேண்டும். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், மற்றவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பாட்டு, ஏ.சி., ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

1. வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, மெதுவாக 3000 ஆர்.பி.எம். வரை ரேஸ் கொடுங்கள். அப்போதே விசில் கேட்டால் காற்று, டயர், சக்கரம் மூன்றும் பட்டியலிலிருந்து போய்விடும். கேட்கவில்லை என்பதற்காக இன்ஜினை மட்டும் விட்டுவிடாதீர்கள். டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) சைலன்சரும் பாரம் ஏறினால்தான் வாயைத் திறக்கும்.

2. மெதுவாக வேகமெடுங்கள். சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று குறியுங்கள். 10 அல்லது 20 கி.மீ. வேகத்திலேயே வந்தால் அது காற்று இல்லை. 70, 80-க்கு மேல்தான் வருகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல்.

3. சத்தம் கேட்கும் வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு கியர் குறையுங்கள். உதாரணமாக 60 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு. வண்டியின் வேகம் மாறவில்லை, இன்ஜின் சுற்று ஏறிவிட்டது. விசிலின் சுருதியும் ஏறினால் அது இன்ஜின் பக்கத்துச் சத்தம். சுருதி அசையவே இல்லையென்றால் காற்று, டயர், சக்கரம், பிரேக் பக்கம். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் முறைக்கு மாற்றி இதையே செய்யலாம். இந்தச் சோதனைக்காக இன்ஜினை ஓட்டத்தில் அணைக்க வேண்டாம்: பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் உதவியை நிறுத்திவிடும், சாவியைத் திருப்பும் வண்டிகளில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

4. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், காலை எடுத்துவிட்டு வண்டி தானாக உருளும்போதும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். அழுத்தும்போது மட்டும் வருவது டர்போ, அதன் ஹோஸ், சைலன்சர் கசிவு ஆகியவற்றின் குணம். இரண்டிலும் வந்து, ஒன்றில் சுருதி மாறினால் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்).

5. பிரேக் மிதியை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக்கைப் பாருங்கள்.

6. சாலை காலியாக இருந்தால் மிக லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். இடதுபுறம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங். எதிர்ப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்க பேரிங்.

7. கடைசியாக, சத்தம் கேட்கும் வேகத்தில் பின்பக்கக் கண்ணாடி ஒன்றை விரலளவு இறக்குங்கள். விசில் சட்டென்று நின்றால் அல்லது மாறினால் கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர்களில் காற்றுக் கசிவு.

இந்த ஏழையும் ஒரே சாலையில், ஒரே திசையில் செய்யுங்கள். எதிர்க்காற்று, பக்கக்காற்று இரண்டும் முடிவைப் புரட்டிவிடும். கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் கோடாகக் காட்டும் செயலி இருந்தால் கூட வருபவர் அதை ஓடவிடலாம். விசில் என்பது ஒரே இடத்தில் ஊசிபோல் நிற்கும் கோடு. அந்தக் கோடு எதோடு நகர்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் காதை மட்டும் நம்பி வாதாட வேண்டியதில்லை.

காற்று விசில்

விசில் புகார்களில் மிக அதிகமாக வருவதும், பெரும்பாலும் அதிகச் செலவில்லாமல் சரியாவதும் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

காற்று இரண்டு விதமாக விசிலடிக்கும். முதலாவது, மெல்லிய கம்பியையோ ஓரத்தையோ தாண்டிப் போகும்போது அதன் பின்னால் இடமும் வலமும் மாறிமாறிச் சுழல்கள் பிரிவது. இதற்கு ஒரு கணக்கு உண்டு: காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதிர்வெண். 100 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு சுமார் 28 மீட்டர். 5 மி.மீ. தடிமனுள்ள ஆன்டெனா கம்பி அந்த வேகத்தில் ஏறக்குறைய 1100 ஹெர்ட்ஸில் பாடும், தெளிவான விசில். கூரை ஆன்டெனாவில் திருகு மாதிரி ஒரு கம்பி சுற்றியிருப்பது அழகுக்காக அல்ல, இந்தச் சுழல்கள் ஒன்றுசேராமல் உடைப்பதற்காக. வெறும் நேர்க்கம்பியை மாற்றிப் போட்ட வண்டிகள் விசிலடிப்பதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது, காலிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதுவது போல, குழியோ துவாரமோ இருக்கும் இடத்தின் மேல் காற்று போவது. கூரைமேல் சாமான் கட்டும் குறுக்குக் கம்பிகள் இதில் பெயர் போனவை. 30 மி.மீ. தடிமனுள்ள கம்பி மேலே சொன்ன கணக்குப்படி 185 ஹெர்ட்ஸில் முனகத்தான் வேண்டும். ஆனால் அதன் மேல் ஓடும் நீளமான காடியில் ரப்பர் பட்டை இல்லையென்றாலோ, முனை மூடி விழுந்திருந்தாலோ, விசிலடிப்பது அந்தக் குழிதான். பட்டையையும் மூடியையும் போட்டால் போதும். முனகல் மட்டும் மிச்சமிருந்தால் கம்பியைச் சுற்றி ஒரு கயிற்றைத் திருகலாகச் சுற்றிப் பாருங்கள். சாமான் எதுவும் ஏற்றப்போவதில்லை என்றால் கம்பிகளைக் கழற்றி வைப்பதே சரி.

கதவு ரப்பர் கசிவின் கதை வேறு. அதை வொர்க்‌ஷாப்பில் பீடிங் என்பார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பீடிங் நன்றாக ஒட்டியிருக்கும், 100 கி.மீ. வேகத்தில் கசியும். காரணம், பக்கக் கண்ணாடியை ஒட்டிக் காற்று வேகமாக ஓடும்போது வெளியே அழுத்தம் குறைந்து, கதவின் மேல் சட்டம் சிறிதளவு வெளியே இழுபடுகிறது. அந்த மயிரிழை இடைவெளி வழியாக உள்ளிருக்கும் காற்று வெளியே பாய்கிறது. கண்ணாடியை விரலளவு இறக்கச் சொன்னது இதற்காகத்தான்: உள்ளும் புறமும் அழுத்தம் நெருங்கிவிட்டால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். ஏ.சி. காற்றை வெளிக்காற்றிலிருந்து உள்சுற்றுக்கு மாற்றும்போது விசில் கூடினாலோ குறைந்தாலோ அதுவும் இதே கசிவைத்தான் காட்டுகிறது.

டேப் சோதனை

பெயின்ட் அடிப்பவர்கள் ஓரம் மறைக்கப் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் 1 அங்குலம் அல்லது 2 அங்குல அகலத்தில் ஒரு சுருள் வாங்குங்கள். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் வேண்டாம். அதன் பசை பெயின்ட்டில் தங்கிவிடும். ஒட்டும் இடம் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

புதிதாக இறங்குபவர்கள் ஒரு துண்டு ஒட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, அடுத்தது ஒட்டுவது என்று போவார்கள். நாள் முழுக்க ஓடும். தலைகீழாகச் செய்யுங்கள்: சந்தேகப்படும் பக்கம் மொத்தத்தையும் முதலில் மூடிவிடுங்கள். முன்கண்ணாடியின் ஓரங்கள், கதவின் மேல் விளிம்பும் இரு கதவுகள் சேரும் கோடும், பக்கக் கண்ணாடி ரப்பர், பக்கவாட்டு மிரரின் அடிப்பாகம், மிரர் மடங்கும் இடுக்கு, அதன் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துவாரம், பானட்டின் பின் விளிம்பு, சன்ரூஃப் இருந்தால் அதன் சுற்று. ஓட்டுபவர் பக்கக் கதவை மட்டும் ஏறி இறங்க விட்டுவைத்து, அதைத் தனியாக வேறொரு முறை சோதிக்கலாம்.

இப்போது அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். விசில் நின்றதா? நல்லது. ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். எந்தத் துண்டைப் பிரித்ததும் திரும்ப வருகிறதோ அங்கேதான் ஓட்டை. விசில் நிற்கவே இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பார்வையை மறைக்கும்படி கண்ணாடியின் நடுவிலோ, வைப்பர் மேலோ ஒட்ட வேண்டாம். முன் கிரில்லின் பட்டைகளும் சில வண்டிகளில் பாடும். அதைச் சோதிக்க கிரில்லில் பாதியை மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும் மூடலாம், வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும். வெயிலில் டேப்பை மணிக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதியில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

உள்ளே உட்கார்ந்து காதால் இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. கீச்சென்ற சத்தம் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுத் திரும்புவதால் வலப்பக்கம் இருப்பது இடப்பக்கம் போலக் கேட்கும். கூட வருபவர் ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறு முனையைக் கதவு ஓரமாக நகர்த்திப் பார்த்தால் இடம் விரலளவுக்குத் தெரிந்துவிடும்.

கசியும் இடத்தைச் சரிசெய்தல்

பீடிங் என்று தெரிந்தால் முதலில் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். படிந்த மண்ணே பல சமயம் குற்றவாளி. காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு மெல்லியதாகத் தடவுங்கள். இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் இரண்டும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிறகு காகிதச் சோதனை: ஒரு காகிதத் துண்டைப் பீடிங்கின் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கத்தோடு உருவி வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. கதவைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்யுங்கள். மிரருக்கு மேலுள்ள முன்மூலையும், பின்பக்க மேல்மூலையும் அடிக்கடி தோற்கும் இடங்கள்.

ஒரே இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது, கிழிந்திருக்கிறது, காடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது என்றால் பீடிங்கை மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு உரிய குறுக்குவெட்டு உள்ளதாகப் பாருங்கள். தடிமனான பொதுப் பீடிங் போட்டால் கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்தும்.

பின் விளிம்பு முழுவதுமே இளக்கமாக இருந்தால் கோளாறு பீடிங்கில் இல்லை, கதவின் பூட்டு மாட்டும் கொக்கியில் இருக்கிறது. கதவுத் தூணில் இரண்டு திருகுகளில் நிற்கும் இரும்பு வளையம் அது. பெரும்பாலும் டார்க்ஸ் அல்லது நட்சத்திரத் தலைத் திருகு. தளர்த்துவதற்கு முன் அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் பழைய இடமே தெரியாமல் தவிப்பீர்கள். கையால் தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, உள்பக்கமாக 1 மி.மீ. தள்ளி, இறுக்கிச் சாத்திப் பாருங்கள். கதவின் பின் விளிம்பு அடுத்த தகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விபத்தில் கதவு திறந்துவிடாமல் காப்பது இந்தக் கொக்கி. வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்காமல் விடக் கூடாது.

முன்கண்ணாடி மாற்றிய பிறகு விசில் வந்ததென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஓரப் பட்டை தூக்கியிருக்கும், அல்லது ஒட்டும் பசையில் ஓரிடத்தில் இடைவெளி விழுந்திருக்கும். அங்கே கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கி அடைக்காதீர்கள். வினிகர் வாடை வரும் வகை தகட்டை அரிக்கும். அதன் மேல் பிறகு உண்மையான யூரிதேன் பசையும் பிடிக்காது. மாற்றியவரிடமே திருப்பி அனுப்புங்கள். முன்கண்ணாடி உடலின் உறுதியிலும், பயணி பக்கத்து ஏர்பேக் விரிவதிலும் பங்கு வகிக்கும் பாகம் என்பதால் இதில் கைவைத்தியம் கூடாது.

வண்டி வாங்கிய பிறகு கதவின் மேல் ஒட்டிய மழைத் தடுப்பான் பிளாஸ்டிக், தளர்ந்த நம்பர் பிளேட், ஆடும் மட்கார்டு, கிளிப் விழுந்த அடித்தட்டு: இவற்றை டேப் ஒட்டுவதற்கு முன்பே கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் பக்கத்து விசில்

இன்ஜின் சுற்றோடு போகும் விசிலில் முதல் கேள்வி: ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) அதிகமா, பாரத்தில் அதிகமா?

ஐடிலில் மெல்லிய "உஸ்ஸ்" அல்லது விசில், ரேஸ் கொடுத்தால் குறைகிறது, ஐடில் நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் பெட்ரோல் வண்டியில் வேக்குவம் கசிவு. திராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மூடி) மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) உறிஞ்சல் அதிகம். கடல் மட்டத்தில் டர்போ இல்லாத நல்ல இன்ஜினில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். இந்த உறிஞ்சல் ஒரு வெடிப்பு வழியாக வெளிக்காற்றை இழுக்கும்போது விசிலடிக்கிறது. அளக்கப்படாமல் உள்ளே நுழையும் இந்தக் காற்றை ஈடுகட்ட கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டும். ஸ்கேனர் இருந்தால் ஃப்யூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், பாருங்கள்: ஐடிலில் குறுகிய காலமும் நீண்ட காலமும் சேர்த்து +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2500 ஆர்.பி.எம்.-இல் இயல்புக்கு இறங்கினால் கிட்டத்தட்ட உறுதி. காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று காட்டும் பி0171 என்ற பிழை எண்ணும் பதிவாகியிருக்கலாம்.

தேட வேண்டிய இடங்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸில் சேரும் புகையை உறிஞ்சும் பி.சி.வி. வால்வும் அதன் குழாயும், திராட்டில் பாடியின் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங். குழாய்களைக் கையால் மடக்கிப் பாருங்கள். வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். பி.சி.வி. சவ்வு கிழிந்திருந்தால் இன்ஜின் ஓடும்போது ஆயில் அளவுக் குச்சியை மெல்ல உருவுங்கள் அல்லது ஆயில் மூடியைத் தளர்த்துங்கள். விசில் சட்டென்று நின்றுபோகும். மூடி பலமாக உள்ளே உறிஞ்சப்பட்டுத் திறக்கவே வராமல் இருப்பதும் அதே அறிகுறி.

கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே பீய்ச்சி, சுற்று மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறை வேண்டாம். சூடான சைலன்சரும் இக்னிஷன் பொறியும் பக்கத்தில் இருக்கும்போது அது நெருப்போடு விளையாடுவது. தெளிப்பானில் சோப்புத் தண்ணீரைக் குழாய்களின் மேல் மட்டும் தெளித்துப் பாருங்கள். கசியும் இடம் நீரை உறிஞ்சும், விசிலின் தொனி மாறும். மின் இணைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வொர்க்‌ஷாப்பில் புகை இயந்திரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எழும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் காலடியில் "உஸ்ஸ்" என்று கேட்டால் பூஸ்டரைச் சோதியுங்கள். இன்ஜினை அணைத்து, மிதியை ஐந்தாறு முறை அழுத்தி இறுகவிடுங்கள். அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி சற்று கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது அழுத்திப் பிடித்திருக்கும்வரை உஸ்ஸென்ற சத்தம் ஓயவே இல்லை என்றால் வண்டியை ஓட்டாமல் சரிசெய்யுங்கள்.

ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் வந்த விசில் என்றால் டப்பாவின் கிளிப் ஒன்று மாட்டாமல் இருக்கும். திறந்து மூடுங்கள், அவ்வளவுதான்.

டர்போ

டர்போ வண்டியில் மெல்லிய விசில் இயல்பே. அதன் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றையும் தாண்டும். கவலைப்பட வேண்டியது மாற்றத்தைப் பார்த்து: சத்தம் திடீரென்று உரக்க வந்தது, சைரன்போல ஏறி இறங்குகிறது, கூடவே இழுவை குறைந்து டீசல் வண்டியில் கரும்புகை வருகிறது.

இதில் பெரும்பாலான வண்டிகளுக்கு டர்போ மாற்ற வேண்டியிருக்காது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்தக் காற்றைக் குளிரவைக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸில் வெடிப்பு, அல்லது கிளாம்ப் தளர்வு. அழுத்தக் காற்று அந்த இடுக்கில் பீறிடும்போது விசிலடிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு எல்லா இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கிளாம்பின் ஓரத்தில் மட்டும் ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அதுதான் கசியும் இடம். கிளாம்பைக் கழற்றி, ஹோஸின் உள்பக்கத்தையும் குழாய் முனையையும் ஆயில் இல்லாமல் துடைத்து, நேராக உட்காரவைத்து இறுக்குங்கள். ஆயில் வழவழப்பில் இறுக்கினால் அடுத்த முறை அழுத்தம் ஏறியதும் கழன்று வரும்.

ஹோஸ் எல்லாம் சரியென்றால் தண்டைப் பாருங்கள். இன்ஜின் அணைந்து, ஆறி இருக்க வேண்டும். காற்று நுழையும் குழாயைக் கழற்றி, இறக்கை நடுவிலுள்ள நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிதளவு ஆட்டம் இருக்கலாம். ஓடும்போது அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் உணரும்படி ஆடக் கூடாது. இறக்கையின் நுனி உள்சுவரில் உரசிய தடம் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த துண்டு இன்ஜினுக்குள் போகலாம். டீசல் வண்டியில் டர்போ வழியாகக் கசியும் ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம்.

சைலன்சர், பெல்ட்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" அல்லது விசில், அழுத்தும்போது அதிகம், சூடேறியதும் குறைவு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கில் கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை மூடுவதால்தான் குறைகிறது. பேக்கிங் ஓரத்தில் கருப்புக் கரித் தடம் தெரியும். வண்டிக்குள் புகை வாடை அடித்தால் தள்ளிப்போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கூட வரும் மற்ற புகையின் வாடைதான் எச்சரிக்கை.

பெல்ட் கீச்சிட்டால் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் தெளிப்பானால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சட்டையின் கை, துப்பட்டா, தொங்கும் முடி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. சத்தம் சில நொடி நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் இழுவிசை குறைவு; பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். ஒன்றுமே மாறவில்லையென்றால் ஏதோ ஒரு பேரிங்: இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஐட்லர், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். சரசரவென்று உரசுவதோ, கிரீஸே இல்லாததுபோல வெகுநேரம் சுற்றிக்கொண்டிருப்பதோ கெட்டது. பெல்ட்டில் பூசும் ஸ்ப்ரே வேண்டாம். சத்தத்தை ஒரு வாரம் மறைத்துவிட்டு அழுக்கைச் சேர்க்கும். இப்போது வரும் இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் தேய்ந்தாலும் வெடிப்பு காட்டாது, பள்ளத்தின் ஆழத்தை அளந்துதான் தேய்மானம் தெரியும்.

ஸ்பீக்கரில் மட்டும் இன்ஜின் சுற்றோடு ஏறும் விசில் கேட்டால் அது மின்சாரச் சத்தம். ஆடியோவின் எர்த் இணைப்பைப் பாருங்கள்.

பிரேக், சக்கரம்

பிரேக் பேடில் ஒரு சிறிய எஃகு நாக்கு உண்டு. தேயும் பகுதி சுமார் 2 முதல் 3 மி.மீ. வரை குறைந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும்படி அமைத்திருப்பார்கள். சும்மா ஓடும்போது கேட்டு, மிதியைத் தொட்டதும் நிற்பதால் பலரும் இதைப் பிரேக் என்றே நினைப்பதில்லை. சக்கர இடுக்கு வழியாக டார்ச் அடித்து பேடின் தடிமனைப் பாருங்கள். உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட முன்னதாகத் தேய்ந்திருக்கலாம் என்பதால் வெளியிலிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாற்றினால் ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

பேட் தடிமனாக இருந்தும் கீச்சிட்டால் டிஸ்க்கின் பின்னாலுள்ள மெல்லிய தகட்டைப் பாருங்கள். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சிறு கல் மாட்டினாலே போதும். இதற்கு ஒரு அடையாளம்: சத்தம் சக்கரச் சுற்றோடு விட்டு விட்டு வரும். சாதாரண டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும்; 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று கீச். கல்லை எடுத்து, வளைந்த தகட்டை விரலால் நிமிர்த்தினால் தீர்ந்தது.

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் தொட வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானியால் இடமும் வலமும் ஒப்பிடுங்கள். காலிப்பர் நகரும் வழுக்கு ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ் போட வேண்டும். டிஸ்க்கிலோ பேடின் தேயும் முகத்திலோ எதையும் தடவக் கூடாது.

சக்கர பேரிங் விசிலடிப்பது அரிது. பெரும்பாலும் "ஊஊம்" என்ற முனகலாகவே தொடங்கும், சாலை மாறினாலும் தொனி மாறாது. சாலை மாறியதும் தொனி மாறினால் டயர். பேரிங்கை உறுதிசெய்ய ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல்களுக்கு வரும். வெறும் ஜாக்கியை நம்பி எந்த வேலையும் செய்யாதீர்கள்.

ஏ.சி., மின்சார வண்டி

ஃபேன் வேகத்தோடு மாறும் விசில் கேபின் ஃபில்டர் அடைப்பு அல்லது ஃபேனில் சிக்கிய இலை. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு ஓடவிட்டாலே தெரிந்துவிடும். ஏ.சி. போட்டதும் டாஷ்போர்டுக்குள் நீண்ட விசில், குளிர்ச்சியும் குறைவு என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். அது கருவி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

மின்சார வண்டியில் மெதுவாகப் போகும்போது மட்டும் கேட்கும் ரீங்காரம் கோளாறு இல்லை. நடந்துபோகிறவர்களை எச்சரிக்க அது வேண்டுமென்றே எழுப்பப்படுகிறது. ஐ.நா. விதி 138-ன்படி 20 கி.மீ. வேகம் வரை ஒலிக்க வேண்டும், அமெரிக்க விதிப்படி சுமார் 30 கி.மீ. வரை. காலை எடுத்ததும் மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய ஊளை, வேகம் குறையும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதன் சத்தம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"விசில் வருது" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? சோதனை ஓட்டத்தில் குறித்ததைச் சொல்லுங்கள்: "75-க்கு மேல் வருகிறது, கியர் மாற்றினாலும் சுருதி மாறவில்லை, பின்கண்ணாடியை இறக்கினால் நிற்கிறது, இடப்பக்க மிரரில் டேப் ஒட்டியும் போகவில்லை." எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; கண்ணாடி, ஃபில்டர், பேட், ஹோஸ் எதைக் கழற்றி மாட்டினார்களோ அங்கிருந்துதான் தேடல் தொடங்க வேண்டும். சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் எந்த வேகத்தில் எடுத்தது என்று அந்தப் பதிவிலேயே வாயால் சொல்லி வையுங்கள். வேலைக்கு விடுவதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.